சாட்ஸ்வொர்த் பாஸ்டர் ஆன்ட்டியின் சாப்பாட்டுக் கூடம்: கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தெருவில் படுப்பவர்களுக்குச் சாப்பாடு காலண்டரைப் பார்த்துத்தான் வரும். தைப்பூசக் காவடிக்கு அன்னதானம், ஈஸ்டர் சமயத்தில் தீமிதி, ரம்ஜான் மாலைகள், ஆடியில் மாரியம்மன் கூழ், பிறகு தீபாவளி, கிறிஸ்துமஸ். ஜூலை 18 மண்டேலா நாளன்று 67 நிமிடச் சேவைக்கு அலுவலகம் அலுவலகமாக டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வருவார்கள். வெங்காயம் வெட்ட இருபது பேர் இருப்பார்கள், தட்டு கழுவ ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆகவே ஒரு சாப்பாட்டுக் கூடத்தின் லட்சணம் தெரிய வேண்டுமென்றால் ஜனவரி இரண்டாம் வாரத்திலோ ஆகஸ்ட் கடைசியிலோ போய் எட்டிப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடச் செலவில் எல்லார் கையும் சுருங்கிக் கிடக்கும் அந்த ஜனவரியிலும் அடுப்பு எரிகிற இடங்களில் ஒன்று, டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு பெண் பாஸ்டர் நடத்தும் இந்தக் கூடம்.

பெயரும் தெருவும் இங்கே இல்லை. அவர்களே வேண்டாம் என்றார்கள். பெயர் பரவினால் ராத்திரியோடு ராத்திரியாகக் கேட்டுக்கு வெளியே கறுப்புப் பைகளில் பழந்துணி குவியும், போதைத் தூள் விற்கிறவனும் வாடிக்கையாளர் எங்கே கூடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வான். சாட்ஸ்வொர்த்தில் சபை வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் இடத்தைச் சொல்லிவிடுவார்கள். வயதானவர்கள் 'பாஸ்டர் அம்மா' என்பார்கள், இளசுகள் 'ஆன்ட்டி', தெருவிலிருந்து வருகிற ஆண்கள் வெறும் 'மா'. 1931-ல் ரோலண்ட்ஸ் பாதிரியார் தொடங்கிய பெதஸ்தா சபையின் வழியில் வளர்ந்த பெந்தெகொஸ்தே சபைகள் இந்தப் பகுதியில் மூலைக்கு மூலை இருக்கின்றன. அவற்றில் பிரசங்க மேடை பெரும்பாலும் ஆண்களுக்கு, சமையற்கட்டு பெண்களுக்கு. இந்த அம்மா சமையற்கட்டிலிருந்தே மேடைக்கு வந்தவர். அது கூடத்தின் ஒழுங்கில் தெரிகிறது.

செவ்வாய், சனி மதியம் சாப்பாடு. வியாழன் ரொட்டியும் சூப்பும் மட்டும். இந்த மதிப்பீட்டில் அதிக மதிப்பெண் வாங்குவது அந்த வியாழக்கிழமைதான். அதற்குப் பிறகு வருவோம். முதலில் சட்டி.

நூற்றிருபது பேருக்கு எட்டு கிலோ காய்ந்த சுகர் பீன்ஸ், ஐந்து கிலோ உருளைக்கிழங்கு. வெந்து குழம்பாகும்போது முப்பத்தைந்து லிட்டருக்குக் குறையாமல் வரும். ஆளுக்கு ஒரு பெரிய கரண்டி, அதாவது சுமார் 300 மில்லி. கூடவே கால் ரொட்டி. 700 கிராம் ரொட்டி முப்பது வாங்கினால் கணக்குச் சரியாக இருக்கும். பீன்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் விலை மட்டுமல்ல. மாட்டிறைச்சி தொடாத இந்து, ஹலால் பார்க்கும் முஸ்லிம், விரதத்துக்காகக் கறி தொடாதவர் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று ஒரே சட்டியிலிருந்து சாப்பிடலாம்.

பீன்ஸில் சறுக்குகிற இடங்களை இந்தச் சமையல்காரர்கள் அறிந்து வைத்திருக்கிறார்கள். இரவே ஊறவைத்து, ஊறின தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பிப்ரவரிப் புழுக்கத்தில் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் நுரைத்துப் புளித்துவிடும். புதுத் தண்ணீரில் முதல் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்தாக வேண்டும். மெல்லிய சூட்டில் வைத்தால் பீன்ஸில் இருக்கும் நச்சு போகாது, வயிற்றைக் கலக்கிவிடும். தக்காளியோ புளியோ பீன்ஸ் மசிந்த பிறகுதான். முன்னாலேயே போட்டால் புளிப்பில் தோல் இறுகி, எத்தனை மணி நேரம் எரித்தாலும் கல்லு கல்லாகவே நிற்கும். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறோம் என்றால், வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேருக்குக் கடைவாய்ப் பல் கிடையாது. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அரைவேக்காட்டுப் பீன்ஸ் ஒரு முகச்சுளிப்போடு போய்விடும். இங்கே அது கீழே கொட்டப்படும் சாப்பாடு. கடைக்காரர்கள் தள்ளிவிடும் பழைய மூட்டைப் பீன்ஸை வாங்கிச் சமைத்த நாட்களில் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்த பீன்ஸைப் பார்க்கலாம். இந்தக் கூடத்தின் சாப்பாட்டில் நாங்கள் கண்ட முதல் குறை அது. பழைய சரக்கு வந்தால் வேண்டாமென்று சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை.

காரம் பற்றி ஒரு நல்ல ஏற்பாடு. டர்பன் மசாலாவை டர்பன்காரருக்குக் குறைத்துப் போட முடியாது, சண்டைக்கு வருவார்கள். ஆனால் வாய்ப்புண் உள்ளவர்கள், டிபி மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாங்க மாட்டார்கள். மிளகாய்த்தூள் சேர்க்கும் முன்பே ஐந்து லிட்டர் தனியாக எடுத்து மஞ்சளும் உப்பும் மட்டும் போட்ட சின்னச் சட்டி ஒன்று ஓரத்தில் இருக்கும். கேட்டால் ஏன் என்று கேட்காமல் ஊற்றுவார்கள்.

வீட்டில் செய்து கொண்டுவரும் பிரியாணியை இங்கே வாங்குவதில்லை. இதனால் மனஸ்தாபப்பட்ட குடும்பங்கள் உண்டு. நாங்கள் கூடத்தின் பக்கம். காலை ஏழு மணிக்கு இறக்கி, காரின் பின்பெட்டியில் வைத்து, ஒரு மணிக்குக் கொண்டுவந்த பிரியாணியின் சோற்றுக்குள் வளரும் கிருமி ஒரு நஞ்சைக் கக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு சாகாது. நமக்கு வாந்தி வந்தால் கழிப்பறை இருக்கிறது. பாலத்தடியில் படுப்பவருக்கு என்ன இருக்கிறது? 2018-ல் வந்த ஆர் 638 என்ற உணவுச் சுகாதார விதிமுறைப்படி சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, சமைக்கிற இடத்துக்கு நகராட்சிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறது. வெப்பமானியும் இருக்கிறது, அதைச் சட்டியில் விட்டுப் பார்க்கவும் செய்கிறார்கள். பிரியாணி போட்டே தீருவேன் என்பவர்கள் அரிசி, பருப்பு, எண்ணெய், உருளைக்கிழங்கு மூட்டையாகக் கொடுத்துவிட்டுக் கூடத்திலேயே வந்து சமைக்கலாம்.

தட்டு கழுவுவது மூன்று தொட்டி முறை. சோப்பு, அலசல், பிறகு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி ஜிக் (ப்ளீச்) கலந்த தண்ணீர். மூன்றாம் தொட்டியைப் பாதியில் மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். குழம்புக் கொழுப்பு மிதக்கும் தண்ணீரில் ஜிக் வேலை செய்யாது. நாற்பது தட்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். செலவில்லாத திருத்தம்.

ஜெபம் எப்போது என்பது இந்த ஊரில் நெருப்பான விஷயம். சோற்றைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு நம் கோவில்களில் அடிக்கடி எழும், சில இடங்களில் அது உண்மையும்கூட. இங்கே சாப்பாடு முதலில், ஜெபம் பிறகு, கதவு திறந்தே இருக்கும். சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறவரை யாரும் கூப்பிடுவதில்லை. பசியோடு உட்காரவைத்து அரைமணி நேரம் பிரசங்கம் செய்யும் இடங்களில் என்ன நடக்கும் என்பது தெரிந்ததே: ரோஸ்டா, அதாவது போதைத் தூள் கிடைக்காததால் வரும் நடுக்கம், பிடித்தவன் உடம்பு நடுங்க எழுந்து போய்விடுவான், அவனுக்குத்தான் சாப்பாடு அதிகம் தேவை. இங்கே அப்படி நடுங்குபவர்களுக்கு வாசலிலேயே நிறையச் சர்க்கரை போட்ட கறுப்புத் தேநீரும் ஒரு துண்டு ரொட்டியும். குழம்பு பிறகுதான். அந்த நிலையில் காரக் குழம்பு வயிற்றில் நிற்காது.

இனி வியாழக்கிழமை. ஒரு மடக்கு மேசை, ஒரு ஃபோன், ஒரு பிரிண்டர், கணக்கு நோட்டு. வீடில்லாதவர் வீடில்லாதவராகவே இருப்பதற்குப் பசியைவிடக் காகிதம் பெரிய காரணம். ஐடி, அதாவது அரசு அடையாள அட்டை, இல்லையென்றால் மானியம் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, கூலி வேலைகூடக் கஷ்டம். தெருவில் படுப்பவரின் ஐடி ஏதோ ஒரு நாள் காணாமல் போயே தீரும். மழையில் ஊறும், திருட்டுப் போகும், நடைபாதையைச் சுத்தம் செய்கிறவர்கள் போர்வையோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போவார்கள்.

மேசையில் முதல் கேள்வி பதின்மூன்று இலக்க ஐடி எண் நினைவிருக்கிறதா என்பது. முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், தேதி என்பதால் பலருக்குப் பாதியாவது நினைவு வரும். எண் கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. இல்லையென்றால் பழைய கிளினிக் அட்டை, பள்ளிச் சான்று, அக்கா தங்கை யாருடைய காகிதமாவது தேடுவார்கள். கடைசியில் ஐடி வழங்கும் அரசு அலுவலகமான ஹோம் அஃபேர்ஸில் கைரேகையை வைத்துத்தான் தேடவேண்டும். தொலைந்த ஐடிக்கு மறு விண்ணப்பம் 140 ராண்ட், அதைக் கூடம் கட்டுகிறது. உங்கள் நன்கொடையில் மிக உருப்படியாகப் போகும் 140 ராண்ட் இதுதான் என்பது எங்கள் கருத்து. வரிசையில் நிற்க ஒருவர் துணைக்குப் போகிறார். அது முக்கியம். தனியாக அனுப்பினால் காவலாளி உடையைப் பார்த்தே வாசலில் நிறுத்திவிடும் வாய்ப்பு அதிகம். முகவரி கேட்டால் சபையின் முகவரியோடு பாஸ்டர் அம்மா கடிதம் தருகிறார்.

ஐடி வந்ததும் அசலைக் கூடத்தின் இரும்பு அலமாரியில் உறையிட்டு வைத்துக்கொண்டு, பிரதி எடுத்துக் கையில் கொடுக்கிறார்கள். சொந்தக்காரர் கேட்ட நிமிடத்தில் அசலைத் திருப்பித் தர வேண்டும் என்பது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. வங்கி அட்டையையோ அரசு மானியம் வரும் சாசா அட்டையையோ மட்டும் எக்காரணம் கொண்டும் வாங்கி வைப்பதில்லை. மஷோனிசாக்கள் எனப்படும் கந்துவட்டிக்காரர்கள் அட்டையையும் ரகசிய எண்ணையும் பிடுங்கி வைத்துக்கொண்டு வட்டி கறக்கும் ஊர் இது. பாதுகாப்புக்காக என்று சொல்லி அதையே செய்யும் 'நல்லவர்களும்' உண்டு. ஒரு கூடம் அட்டையை வாங்கி வைக்கிறது என்று கேள்விப்பட்டால் அங்கே காசு கொடுக்காதீர்கள்.

அடுத்தது மானியம். அறுபது வயதானவர்களுக்கு முதியோர் மானியம், உடல்நிலை மோசமானால் ஊனமுற்றோர் மானியம். அது இரண்டுக்கும் சேராத பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட, வருமானமில்லாதவர்களுக்கு எஸ்.ஆர்.டி. என்ற மாத மானியம். 2020 மே மாதத்தில் 350 ராண்டாகத் தொடங்கியது, 2024 ஏப்ரலில் 370 ஆனது. விண்ணப்பம் ஃபோனில்தான். ஃபோன் திருட்டுப் போனால் எண்ணும் போகும், சரிபார்க்கும் குறுஞ்செய்தி வேறு எவன் கையிலோ விழும். அதனால் சிம் அட்டையை ஃபோனிலிருந்து கழற்றி ஐடியோடு அதே உறையில் வைக்கச் சொல்கிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் போட்டுப் பார்த்தால் போதும்.

கொடுக்கிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. எஸ்.ஆர்.டி. வாங்குபவரின் வங்கிக் கணக்கில் அந்த மாதம் 624 ராண்டுக்கு மேல் வந்தால் 'வேறு வருமானம்' என்று அந்த மாத மானியம் நின்றுவிடும். பரிதாபப்பட்டு நீங்கள் ஒருவர் கணக்கில் நேரடியாகப் போடும் 700 ராண்ட் அவருடைய 370-ஐத் தின்றுவிடும். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் மாதங்கள் இழுக்கும். பணத்தைக் கூடத்தின் கணக்கில் போடுங்கள், அல்லது பொருளாக வாங்கிக் கொடுங்கள்.

மருந்தும் இதே மேசைதான். அரசு கிளினிக்கில் காசநோய்க்குக் காசு கிடையாது, ஆறு மாத மாத்திரை. பாதியில் விடுவதற்குத் தெருவில் இரண்டு காரணங்கள். வெறும் வயிற்றில் குமட்டல் ஒன்று. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை: ரிஃபாம்பிசின் எடுத்தால் சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாகும். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையைத் தூக்கி எறிவார்கள். இந்த மேசையில் அதை முதல் நாளே சொல்கிறார்கள். நோட்டில் பெயருக்கு நேரே கட்டம் போட்டு டிக் செய்கிறார்கள். மூன்று வியாழன் ஒருவர் வரவில்லையென்றால் வேனை எடுத்துக்கொண்டு தேடிப் போகிறார்கள்.

பாஸ்டர் பெண் என்பதால் நடக்கிற ஒரு காரியம் உண்டு. தெருவில் படுக்கும் பெண்கள் ஆண்கள் நடத்தும் வரிசைகளுக்கு வர மாட்டார்கள். இங்கே வருகிறார்கள். பெண்களுக்கு அரைமணி முன்னதாகவே பக்கவாட்டுக் கதவு திறக்கும். குளியலறை, உள்ளாடை, நாப்கின் எல்லாம் அந்தப் பக்கம். நாப்கின் கேட்டு வாங்க வேண்டியதில்லை, கூடையில் இருக்கும், எடுத்துக்கொள்ளலாம். ஒரு பெண் முந்தின இரவு தனக்கு நடந்த பாலியல் வன்முறையைச் சொன்னால், குளிக்க வைப்பதில்லை, உடை மாற்ற வைப்பதில்லை. நேராக ஆர்.கே. கான் மருத்துவமனையில் இருக்கும், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான துத்துசேலா மையத்துக்கு அழைத்துப் போகிறார்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. போலீஸ் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அங்கே போய் முடிவு செய்யலாம். சிகிச்சை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஒழுங்கு தெரிந்த சபைகள் மிகக் குறைவு. பல இடங்களில் முதலில் தைலம் பூசி ஜெபம், மறுநாள் பார்க்கலாம் என்பார்கள், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

சுகர்ஸ் விஷயத்தில் எங்களுக்கு முழுத் திருப்தி இல்லை. அது ஹெராயின் கலந்த தூள். நிறுத்தினால் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் ரோஸ்டா தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், ஒரு வாரத்தில் அடங்கும். கூடத்திலேயே அறையில் பூட்டி வைத்து ஜெபிக்கும் பழக்கம் இல்லை என்பது நிம்மதி. குடியோ ஜானக்ஸ் மாத்திரையோ சேர்ந்திருந்தால் திடீரென நிறுத்துவதில் வலிப்பு வந்து உயிரே போகலாம் என்பதை அம்மா புரிந்து வைத்திருக்கிறார். ஆனால் விருப்பப்பட்டவர்களை ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். 2008-ஆம் ஆண்டின் 70-ஆம் சட்டப்படி மறுவாழ்வு மையம் எதுவும் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பண்ணையின் பதிவுச் சான்று எங்கே என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. அங்கிருந்து ஒரு மாதம் கழித்துத் திரும்புகிறவர்தான் பெரிய ஆபத்தில் இருப்பவர். உடம்பு பழக்கத்தை மறந்திருக்கும், கை பழைய அளவை மறந்திருக்காது. அந்த அளவை இழுத்தால் மூச்சு நின்றுவிடும். திரும்பி வந்தவர்களுக்கு இதைச் சொல்லி அனுப்ப ஒரு முறை இல்லை. வியாழக்கிழமை மேசையிலேயே ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துணி விநியோகம் கந்தல். கல்யாணப் புடவையும் ஒற்றைச் செருப்பும் வந்து குவிகின்றன, பிரிக்க ஆளில்லை. அம்மாவின் கையெழுத்து இல்லாமல் ஒரு கடிதமும் போவதில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தால் வியாழன் மேசைக்கும் காய்ச்சல். இன்னொருவருக்குக் கையெழுத்து அதிகாரம் கொடுப்பது எளிது, கொடுக்க மனம் வரவில்லை என்று தோன்றுகிறது. நிறுவியவர்களுக்கு இருக்கும் வியாதி அது.

கணக்கு சுத்தம். சபைக் காணிக்கை வேறு, கூடத்தின் கணக்கு வேறு. கூடம் தனியாக லாப நோக்கற்ற அமைப்பாக (என்.பி.ஓ.) பதிவு பெற்றது. இது வெறும் சம்பிரதாயம் இல்லை: சபைக்குக் கொடுக்கும் காணிக்கைக்கு வரிச்சலுகை கிடையாது, ஏழைகளுக்கு உணவளிக்கும், வரித்துறையின் அங்கீகாரமும் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் வரிக்கழிவுக்கான 18ஏ ரசீது கிடைக்கும், வரிக்குரிய வருமானத்தில் பத்து சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். அரிசி மூட்டை கொடுத்தாலும் ரசீது உண்டு. உங்கள் நேரத்துக்கு மட்டும் கிடையாது. பெயர், ஐடி அல்லது வரி எண், முகவரி, பொருளின் மதிப்பு ஆகியவற்றை அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிப்ரவரிக் கடைசியில் போய் நின்றால் யாருக்கும் நேரமிருக்காது.

கொண்டு போக வேண்டியவை: அந்த வருடத்துச் சுகர் பீன்ஸ், எண்ணெய், ஜிக், நாப்கின், ஆண்களுக்கான உள்ளாடை, காலுறை. மழைக்காலத்தில் கால் ஈரத்திலேயே கிடந்து புண்ணாகிறவர்களுக்குக் காலுறைதான் மருந்துக்கு அடுத்தபடி. போர்வையைவிடப் பெரிய கனத்த பிளாஸ்டிக் உறைகளுக்குத் தேவை அதிகம், காகிதத்தையும் துணியையும் நனையாமல் வைக்க. சனிக்கிழமை சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கடை கட்டும் நேரத்தில் மிஞ்சும் காய்கறியை எடுத்து வர வண்டி உள்ளவர்கள் தேவைப்படுகிறார்கள். அதைச் செவ்வாய் வரை வைக்க ஃபிரிட்ஜ் உண்டு. உதவிக்குப் போவதானால் சனிக்கிழமையைத் தவிர்த்து வியாழன் காலை எட்டரைக்குப் போங்கள், ஃபோனில் படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் போதும். கேமராவை வீட்டில் வைத்துவிடுங்கள், வரிசையைப் படம் எடுப்பவரை அம்மா வாசலிலிருந்தே திருப்பி அனுப்புவார்.